மாத்திரையும் மந்திரமா?

சென்ற மே மாதம் சேர்வராயன் மலைக் கோயில் திருவிழாவின்போது நாம் கிளியூரில் இருக்க நேர்ந்தது. அன்று நமது கண்ணாலேயே கண்ட ஒரு சங்கதியை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டியிருக்கின்றது.

அவ்வூரில் காப்பித் தோட்டக் கூலி வேலை செய்யும் ஓர் அம்மாள், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர், காலை 10 மணி சுமாருக்குத் திருவிழாவுக்கென்று கூட்டத்தோடு புறப்பட்டார். மேட்டில் ஏறிக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டிற்று, கையும் காலும் உதறின, கண் நிலைகொள்ளவில்லை, வாயில் வந்ததையெல்லாம் பேச ஆரம்பித்தார். அவ்வளவுதான், "காவேரியம்மன் இறங்கிவிட்டாள்" என்று கூட்டம் கும்பிட ஆரம்பித்துவிட்டது. ஒருவர் விபூதியைக் கொண்டுவந்து நெற்றி நிறைய அப்பினார். ஒருவர் வேப்பிலையை ஒடித்து வந்தார். ஒரு பெரிய மனிதர், தம்முடைய நில வழக்கு சேலம் கோர்ட்டில் ஜெயிக்குமா ஜெயிக்காதா என்று அந்த அம்மாளிடத்தில் குறி கேட்டார்! இரத்தத்தில் சர்க்கரை வற்றி மூளை தடுமாறி நின்ற ஒரு ஏழைக் கூலிக்காரியிடம் வழக்குக்குத் தீர்ப்புக் கேட்ட அந்தப் புத்திசாலி, படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதையும் சொல்லி வைக்கின்றோம்.

நல்ல வேளையாக, சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே வந்தார். ஊரார் அவரை இன்றைக்கும் கம்பவுண்டர் ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் கூட்டத்தை விலக்கினார், அந்த அம்மாளின் கையைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று ஈரமாயிருந்தது. முழு மயக்கமில்லை, தண்ணீர் விழுங்க முடிகிறது என்று பார்த்துக்கொண்டு, பக்கத்து டீக்கடையிலிருந்து சர்க்கரை வாங்கி மூன்று கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, உட்கார வைத்தார். கால் மணி நேரத்தில் அம்மன் மலையேறிவிட்டாள்.

"அம்மா, காலையிலே என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க சாமி. இன்னிக்கு விரதமுங்க."

"என்னைச் சாமின்னு சொல்லாதீங்க. சர்க்கரை மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனுங்க. மாத்திரை கொண்டாந்து குடுக்கிற பொண்ணு ஒரு நாளும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்குதே. அதை விடலாமுங்களா?"

வாசகர்கள் இந்தப் பதிலை இன்னொரு தடவை படிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம். அந்த அம்மாள் ஒரு குற்றமும் செய்யவில்லை. பூசாரி விரதமிரு என்றான், இருந்தார். சர்க்கார் ஆள் மாத்திரையை விடாதே என்றார், விடவில்லை. இரண்டு கட்டளைகளுக்கும் ஒரே பக்தியோடு கீழ்ப்படிந்தார். இரண்டில் எதற்கும் காரணம் இன்னதென்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. கிளிபென்கிளமைடு, கிளைமெபிரைடு என்கின்ற வகை மாத்திரைகள் உடம்பிலுள்ள கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அவை தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஆகையால் சாப்பிடாத நாளில் அதைப் போட்டால் இரத்தச் சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கி வேர்வை, நடுக்கம், உளறல், கடைசியில் மயக்கம் என்று கொண்டுபோய் விடும். இதைச் சொல்லுவதற்கு இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷம் அந்த அம்மாளுக்கு நான்கு வருஷமாகக் கிடைக்கவில்லை. மயக்கம் முற்றியிருந்து, தெரியாத யாராவது வாயில் தண்ணீரை ஊற்றியிருந்தால் அது மூச்சுக் குழலில் இறங்கி அங்கேயே கதை முடிந்திருக்கும். மறு நாள் ஊரில், அம்மனோடு ஐக்கியமாகிவிட்டாள் என்று ஒரு கல்லும் நட்டிருப்பார்கள்.

பத்திரிகையைப் பிரித்ததும் இன்றைக்குக் கோயிலின் மீது பாய்வார்கள் என்று எதிர்பார்த்த தோழர்கள் ஏமாற வேண்டியதுதான். விரதத்தைப் பற்றி நாம் எழுத வேண்டியதையெல்லாம் எழுதியாய்விட்டது. இன்று நாம் கேட்பது மாத்திரையைப் பற்றி. காரணம் தெரியாமல் விழுங்குகின்ற மாத்திரைக்கும் காரணம் தெரியாமல் பூசுகின்ற விபூதிக்கும், விழுங்குகிறவனைப் பொறுத்தமட்டில், என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். மருந்து விஞ்ஞானத்தில் பிறந்தது என்பது மெய்தான். ஆனால் அதை வாங்குகிறவன் கையில் அது மந்திரமாகத்தானே வந்து சேருகிறது? மந்திரமென்றால் பலிக்காத நாளில் வேறு மந்திரக்காரனைத் தேடிப் போவது மனித சுபாவம். அப்படித்தான் போகிறார்கள்.

பிறரைப் பற்றி மட்டும் பேசுவது யோக்கியமல்ல. நமக்கும் இரத்த அழுத்தம் உண்டு. பகுத்தறிவைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகின்ற நாம், தலைவலியும் இல்லை கிறுகிறுப்பும் இல்லை, இனி எதற்கு மாத்திரை என்று நாலு மாத காலம் நிறுத்திவிட்டுத் திரிந்தோம். ஒரு நாள் வேறு காரியமாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது அளந்து பார்த்தார்கள். மேல் அளவு 190. இரத்த அழுத்தம் என்பது வலியோ எரிச்சலோ இல்லாமல் இருந்துகொண்டே மூளைக்குப் போகும் குழாயையும் சிறுநீரகத்தையும் அரிக்கும் என்பதும், மாத்திரை போடுவதால்தான் அளவு சரியாயிருந்தது என்பதும், அன்றுதான் நமது மண்டையில் ஏறிற்று. மாத்திரை வாங்கிய கடையில் என்ன சொன்னார்கள்? ஒரு காகிதக் கவரில் போட்டு, மேலே ஒரு கோடும் ஒரு சுழியும் போட்டு, "காலையிலே ஒண்ணு" என்று நீட்டினார்கள். சீட்டு எழுதிய டாக்டரோ, வெளியே எண்பது பேர் காத்திருக்க, நம்மை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர்களையும் நாம் அதிகமாகக் குறை சொல்லுவதற்கில்லை. ஆனால் இத்தனை வருஷம் கேள்வி கேள் கேள்வி கேள் என்று ஊருக்கு உபதேசம் செய்த நாம், மருந்துக்கடை வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றோமே, அதற்கு யாரைக் குறை சொல்லுவது?

நிற்க, இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் சுமார் 10 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த கணக்கெடுப்பு 2023-ல் வெளியாயிற்று. இது பணக்காரன் வியாதி, உட்கார்ந்து தின்பவனுக்கு வருவது என்று ஒரு காலத்தில் சொன்னதுண்டு. இப்போது காப்பிப் பழம் பறிக்கிறவருக்கும், பஸ் ஓட்டுகிறவருக்கும், பஞ்சாயத்துத் தெருக் கூட்டுகிறவருக்கும் வருகின்றது. இவ்வியாதிகள் குணமாகிப் போகிறவையல்ல. கட்டுக்குள் வைத்துக் காலமெல்லாம் காவல் இருக்க வேண்டியவை. வருஷத்தில் 365 நாளில் டாக்டர் முன்னால் உட்காருவது நாலு தடவை, ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம். மீதி நாளெல்லாம் வைத்தியர் யார்? அந்த நோயாளியேதான். அந்த வைத்தியருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் யார் என்பதே நமது கேள்வி.

தமிழ்நாட்டில் இவ்விஷயத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 2021-ம் வருஷம் ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளி என்கின்ற கிராமத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிக்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து பார்ப்பது, மாத்திரையைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது அதன் வேலை. சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டிலிருந்து உள் மலைக் கிராமங்களுக்கு நடை. ஒரு நாள் கூலியை விட்டால்தான் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கலாம் என்றிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்பொன்று இதற்குப் பரிசளித்ததும் நியாயமே. அதே வருஷத்தில் தொழிற்சாலை முதலிய வேலை ஸ்தலங்களுக்கே போய்ப் பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்பதும் தொடங்கப்பட்டது. 2025 பிப்ரவரி 24-ந் தேதி மலிவு விலையில் மருந்து விற்க 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன.

ஆகவே மருந்து வீட்டுக்கு வந்துவிட்டது, வேலை ஸ்தலத்துக்கும் வருகிறது, விலையும் குறைந்திருக்கிறது. வராதது ஒன்றே ஒன்று. அது விளக்கம். மலையேறி மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணின் மீது குற்றமில்லை. அவர் சுமக்கிற பையும் நடக்கிற தூரமும் அவருக்குத்தான் தெரியும். எந்த மாத்திரை எந்த வழியில் வேலை செய்கிறது, எதனோடு எதைச் சேர்த்தால் கெடுதல் என்பதெல்லாம் அவர் படித்த படிப்பல்ல. அது படித்தவர் ஒருவர் இருக்கிறார், அவர்தான் மருந்தாளுநர். அவரை நாம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்து, சீட்டைப் பார்த்து அட்டையை எடுத்துப் போடுகின்ற யந்திரமாக்கி வைத்திருக்கின்றோம்.

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் ஆஷ்வில் என்று ஒரு மலை நகரம் இருக்கிறது. ஏற்காட்டின் உயரத்தில் பாதிகூட இல்லையென்றாலும் மலை நகரம்தான். அந்நகரசபை தன் சிப்பந்திகளின் வைத்தியச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டிருந்தது. நீரிழிவுக்காரர்களுக்குச் செலவு ஏறிக்கொண்டே போவதைக் கண்டு, 1990-களின் நடுவில் ஒரு யோசனை செய்தார்கள். ஊரிலுள்ள 12 மருந்துக்கடைகளின் மருந்தாளுநர்களுக்கு நீரிழிவைப் பற்றி விசேஷப் பயிற்சி கொடுத்தார்கள். சிப்பந்திகளிடத்தில், நீங்கள் தவறாமல் மருந்தாளுநரைப் பார்த்துப் பேசிவாருங்கள், அப்படி வருகிறவரைக்கும் உங்கள் நீரிழிவு மருந்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய பங்குப் பணம் வேண்டாம், சர்க்கரை அளக்கும் கருவியும் கொடுக்கின்றோம் என்றார்கள். மருந்தாளுநருக்கும் அந்தப் பேச்சு நேரத்திற்குத் தனியே கூலி கொடுத்தார்கள். கவனிக்க வேண்டும்: மருந்து விற்றதற்கல்ல, சொல்லிக்கொடுத்ததற்குக் கூலி. ஊரிலிருந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்றும் தன் சிப்பந்திகளை இதில் சேர்த்தது.

இதன் பலனை 2003-ல் வெளியிட்டார்கள். இரத்தத்தின் சிவப்பணுக்களில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து மூன்று மாதச் சராசரியைக் காட்டுகின்ற எச்பிஏ1சி அளவு பெரும்பாலோருக்குக் குறைந்திருந்தது. மருந்துச் செலவு கூடிற்று. ஏனென்றால் இப்போது மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவும் டாக்டர் செலவும் அதைவிட அதிகமாகக் குறைந்ததால், மொத்தத்தில் ஒரு நோயாளிக்கு வருஷம் 1,200 முதல் 1,872 டாலர் வரை மிச்சம். ஒரு முதலாளியின் கீழிருந்தவர்கள் வியாதிக்காக எடுத்த லீவு நாட்கள் 1997-லிருந்து 2001 வரை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தன.

இதை வேத வாக்காக நாம் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அச்சோதனையில் பாதிப்பேருக்குச் சொல்லிக்கொடுத்து பாதிப்பேரைச் சும்மா விட்டு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சேர்ந்தவர்களெல்லாம் தாமாக வந்தவர்கள்; தாமாக வருகிறவன் எப்படியும் கொஞ்சம் அக்கறையுள்ளவன்தானே. அமெரிக்காவின் கணக்கு சேலம் ஜில்லாவுக்கு அப்படியே பொருந்தும் என்பதும் கிடையாது. இந்தக் குறைகளையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் தொழிலாளி கேட்கிறான், கேட்டால் பிழைக்கிறான் என்பது மிஞ்சி நிற்கிறது.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லையா? தாராளமாய் இருக்கிறது. 1930-ல் சர்க்கார் கர்னல் சோப்ரா என்பவர் தலைமையில் மருந்து விசாரணைக் கமிட்டி ஒன்றை நியமித்து, போலி மருந்துகளைப் பற்றியும் படிப்பில்லாதவர்கள் மருந்து கலந்து கொடுப்பதைப் பற்றியும் விசாரிக்கச் செய்தது. அதன் விளைவாக 1940-ல் மருந்துச் சட்டமும் 1948-ல் மருந்தியல் சட்டமும் வந்தன. 2015-ல் வந்த மருந்தியல் தொழில் விதிகள், மருந்து கொடுக்கும்போது நோயாளிக்கு விளக்கம் சொல்ல வேண்டியது மருந்தாளுநரின் கடமை என்றே எழுதி வைத்தன. 2008 முதல் இதற்காகவே ஆறு வருஷப் படிப்பு ஒன்றும் நடக்கின்றது. சட்டப் புஸ்தகத்தில் இவ்வளவும் இருக்க, நடப்பில் என்ன? அநேக கடைகளில் மருந்தாளுநரின் சர்டிபிகேட் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. அதற்குரிய ஆள் அங்கே இல்லை. பக்கத்திலேயே லட்சுமி படமும் தொங்குகிறது. அந்த அம்மாளும் அங்கே இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊதுபத்தியைக் காட்டிவிட்டு வியாபாரத்தை ஆரம்பிக்கிறார்கள்.

சீட்டின் சங்கதி இன்னொன்று. கோயிலில் சமஸ்கிருதத்தில் மந்திரம் சொல்லுகிறான், நமக்கு விளங்குவதில்லை, விளங்காதிருப்பதே அதன் மகிமை என்று வைத்திருக்கிறான் என்பதாக நாம் எத்தனையோ தடவை எழுதியிருக்கின்றோம். டாக்டர் எழுத்தும் அப்படித்தானே இருக்கிறது? மருந்தின் மூலப் பெயரை விளங்கும்படியாகவும் கூடுமானால் பெரிய எழுத்திலும் எழுத வேண்டும் என்று 2016-ல் மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்திற்று. எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதை வாசகர்கள் தங்கள் சட்டைப் பையிலுள்ள சீட்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நம்முடைய உடம்பு, நம்முடைய வியாதி, நாம் கொடுக்கின்ற காசு. அதைப் பற்றிய எழுத்து மட்டும் நமக்கு விளங்கக்கூடாதென்றால் அது எந்தச் சாதி நியாயம்?

விளக்கம் கிடைக்காத இடத்தில் வதந்தி குடியேறும். இம்மலையில் நாம் கேட்டவற்றில் சிலவற்றைச் சொல்லுகின்றோம். "இங்கிலீஷ் மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும்." சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் அழுத்தமும், அதைத் தடுக்கத்தான் மாத்திரை. ஆனால் இதே ஆள், உடம்பு வலிக்கென்று பெட்டிக்கடையில் உதிரியாக வாங்குகின்ற டைக்ளோபினாக் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருப்பார். அதுதான் சிறுநீரகத்தைக் கெடுப்பது, அழுத்தத்தை ஏற்றுவது. எதைப் பயப்பட வேண்டுமோ அதைப் பயப்படாமல் எதைப் பயப்பட வேண்டாமோ அதைப் பயப்படுகிறார். இன்னொருவருக்கு அம்லோடிபின் மாத்திரையில் கால் வீங்கிற்று. அம்மருந்தில் சிலருக்கு அப்படி ஆவதுண்டு. டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். இவரோ யாரோ செய்வினை வைத்துவிட்டான் என்று தாயத்துக்கு 3,000 ரூபாய் கொடுத்துவிட்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். வேறொரு தோட்டத் தொழிலாளிக்கு வெறுங்காலில் முள் குத்திப் புண்ணாகி அழுகியும் வலி தெரியவில்லை. வலி இல்லையே என்று சந்தோஷப்பட்டாராம். நீரிழிவு நரம்பை மரக்க வைத்துவிடும், ஆகவே தினம் இராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லாததால் இரண்டு விரல்களைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த இடைவெளியில்தான் "ஒரே மண்டலத்தில் சர்க்கரை வியாதி நிரந்தரமாய் ஒழியும்" என்கிற லேகியக்காரர்கள் பிழைக்கிறார்கள். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் வருஷத்து மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் குற்றமாக்கி, முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை வைத்திருக்கிறது. ஆனாலும் விளம்பரம் சுவரிலும் இருக்கிறது, கைப்பேசியிலும் வருகிறது. "நாங்கள் மூலிகைக்காரர்கள், எங்களை வெள்ளைக்கார மருந்து ஒழிக்கப் பார்க்கிறது" என்று இவர்கள் அழுவது பெரிய பித்தலாட்டம். மூலிகையின் மீது யாருக்கும் பகையில்லை. மெட்பார்மின் என்கின்ற மாத்திரையின் பூர்வோத்தரமே ஐரோப்பாவில் முளைக்கிற ஒரு செடிதான். அதிலிருந்து கிடைத்த சரக்கைப் பின்பற்றிச் செய்ததை 1957-ல் பிரான்சு தேச டாக்டர் ஒருவர் நீரிழிவுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரை, பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் என்பவர் இரத்த அழுத்தக்காரர்களுக்குக் கொடுத்து, அளந்து, எழுதி, 1949-ல் இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளியிட, உலகமே எடுத்துக்கொண்டது. மூலிகையா மாத்திரையா என்பதல்ல கேள்வி. அளந்தாயா, அளந்ததைக் காட்டுவாயா என்பதுதான் கேள்வி. லேகியக்காரன் காட்டமாட்டான்.

சரி, செய்ய வேண்டியதென்ன? இம்மலையில் 1820-ல் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை காப்பிச் செடியைக் கொண்டுவந்தது முதல் இருநூறு வருஷமாகத் தோட்டங்கள் நடக்கின்றன. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்திய வசதி செய்துகொடுக்க வேண்டியது தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று விதித்தது. நாம் கேட்பது ஆஸ்பத்திரி கட்டச் சொல்லியல்ல. மாதத்துக்கு ஒரு நாள், சம்பளப் பட்டுவாடா நாளில், மருந்தாளுநர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மேஜை போட்டு உட்கார வையுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்த் தங்கள் மாத்திரைகளையெல்லாம் கொட்டிக் காட்டட்டும். எது எதற்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, மறந்துவிட்டால் என்ன செய்வது, எந்த அறிகுறி கண்டால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று ஆளுக்குக் கால் மணி நேரம் சொல்லட்டும். சொன்னதைத் தொழிலாளி திருப்பிச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்தால் போதாது. பஞ்சாயத்துச் சிப்பந்திகளுக்கும், பஸ் டிப்போவிலும் இதையே செய்யலாம்.

டாக்டர்கள் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. மருந்தாளுநர் நோயைக் கண்டுபிடிக்கவும் வேண்டாம், மருந்தின் அளவை மாற்றவும் வேண்டாம். சந்தேகப்பட்டதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாக்டருக்கு அனுப்பினால் போதும்.

ஒரே ஒரு ஆட்சேபணையைத்தான் நாம் மெய்யாகவே பெரிதாக எண்ணுகின்றோம். கிளியூரில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வாலிபத் தோழர் எழுந்து, "அண்ணா, எனக்குச் சர்க்கரை இருக்குதுன்னு மேஸ்திரிக்குத் தெரிஞ்சா அடுத்த சீசனுக்கு என்னைக் கூப்பிடுவாரா?" என்று கேட்டார். இதற்கு நம்மிடம் சட்டென்று பதிலில்லை. வியாதியைச் சொன்னால் வேலை போகும் என்றிருக்கும் வரையில் தொழிலாளி மறைக்கத்தான் செய்வான். மறைப்பது அவனுக்குப் புத்திசாலித்தனமும்கூட. ஆகையால் மருந்தாளுநரிடம் தொழிலாளி பேசுவது ரைட்டர் காதுக்கோ மேஸ்திரி காதுக்கோ போகக்கூடாது, பெயர்ப் பட்டியல் ஆபீசில் இருக்கக்கூடாது, இத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கைக்கு மேல் முதலாளிக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்பதைத் தொழிற்சங்கங்கள் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு மேஜையைப் போடச் சொல்ல வேண்டும். எழுதிக்கொடுக்க மாட்டேன் என்கின்ற தோட்டத்தில் மேஜை தோட்டத்துக்கு வெளியே போடப்படட்டும்.

அந்த அம்மாளை மறுபடியும் இரண்டு வாரங்களுக்கு முன் பார்த்தோம். விரதத்தை விட்டுவிட்டாரா என்று கேட்டோம். "விடலீங்க. ஆனா அன்னிக்கு மட்டும் எந்த மாத்திரையை நிறுத்தறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டேனுங்க. முந்தானையிலே சர்க்கரையும் முடிஞ்சு வெச்சிருக்கேன்" என்றார். மாத்திரை கொண்டுவருகின்ற பெண்ணிடம் இப்போது ஒவ்வொரு அட்டையையும் காட்டி, இது எதுக்கு இது எதுக்கு என்று கேட்டு அவரைத் திணற அடிக்கிறாராம். அந்தப் பெண்ணும் கம்பவுண்டர் ஐயாவிடம் வந்து கேட்டுக்கொண்டு போகிறாராம்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குக் கிளியூர் டீக்கடைக்கு எதிரிலுள்ள திண்ணையில் கம்பவுண்டர் ஐயா உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். காசு கிடையாது. அக்கம்பக்கத்துத் தோழர்களும் தாய்மார்களும், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், சீட்டுகள், லேகிய டப்பிகள் உள்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வரவேண்டியது.